கணினியின் தளர்ச்சி

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையில், எறும்பீசர் கோயில் கொண்ட திருவெறும்பூர்க் குன்றுக்கு அண்மையில் உள்ளது கைலாசபுரம். பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலையில் பணிபுரிவோர் குடும்பத்துடன் வாழும் குடியிருப்பு அது. அங்கே வாழும் பலருள் ஒருவர் பற்றவைப்புச் சோதகர். அனல்மின் நிலையங்களுக்குச் செல்லும் கொதிகலன் குழாய்களில், இரு குழாய்களைச் சேர்த்துப் பற்றவைத்த இடத்தைக் கதிர்ப்படம் எடுத்து ஆராய்வது அவர் தொழில். பற்றவைத்த இடம் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும். கையால் தடவினாலும் குறை தெரியாது. ஆயினும் அதனுள்ளே ஒரு காற்றுக் குமிழியோ, கசட்டுத் துணுக்கோ, மயிரிழை போன்ற வெடிப்போ மறைந்திருத்தல் கூடும். உயர் அழுத்த நீராவி பாயும்போது அச்சிறு வெடிப்பே பெருங்கேட்டுக்கு வாயிலாகும். மேல்தோற்றம் கண்டு தீர்ப்புரைத்தல் ஆகாது என்பதனை அவர் முப்பது ஆண்டுகளாகத் தம் கண்ணாலேயே கற்றவர்.

அத்தகையவரும் தம் வீட்டுக் கணினியின் முன் ஒருநாள் நிலைகுலைந்து போனார்.

அக்கணினி எட்டாண்டுப் பழமை உடையது. காலையில் அதன் பொத்தானை அழுத்திவிட்டுச் சமையலறைக்குச் சென்று காப்பி அருந்தித் திரும்பினாலும், திரையில் சிறு வட்டம் ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால், கேட்டதோ கேட்கவில்லையோ என்று ஐயுறும்படி அது வாளா இருக்கும். நெடுநேரம் கழித்துச் சொன்னதை மும்முறை செய்யும். பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய அவர் மகள், பொறியியற் கல்லூரிக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க வேண்டிய வேளை அது. அவளுடைய சான்றிதழ்களின் படிகள் அக்கணினியில்தான் இருந்தன. அவற்றோடு, பத்தாண்டுக் காலத்துக் குடும்பப் படங்களும், மறைந்த பாட்டியாரின் குரலைப் பதிவு செய்து வைத்த கோப்புகளும் இருந்தன. அவற்றுக்கு வேறோரிடத்தில் படி இல்லை.

வீட்டுக்கு வந்தோர் யாவரும் தத்தம் கருத்தை உரைத்தனர். "வைரஸ்தான், ஐயமே இல்லை" என்றார் அடுத்த வீட்டார். "பழைய பொருள், விற்றுவிட்டுப் புதிது வாங்குங்கள், மாமா" என்றான் தமக்கை மகன். நச்சுநிரலைத் தடுக்கும் மென்பொருள் ஒன்று கணினியில் முன்னரே இருந்தது. அது போதாதென்று எண்ணி, இலவசமாகக் கிடைத்த மற்றொன்றையும் மகள் நிறுவினாள். கணினி முன்னினும் தளர்ந்தது. உடல்நலம் குன்றியவரைச் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு கைமருந்து கூறும் வழக்கம் கணினி வரையிலும் வந்துவிட்டது போலும்!

ஒரு மாலையில் அவள், கணினியின் வேகத்தைக் கூட்டும் வழியை இணையத்தில் தேடினாள். ஏதோ ஓரிடத்தில் அழுத்தியதும் திரை முழுதும் செந்நிறமாயிற்று. அபாயச் சங்கு ஒலித்தது. கணினியில் ஐந்து நச்சுநிரல்கள் புகுந்துவிட்டன என்றும், கீழ்க்காணும் எண்ணை ஐந்து நிமிடத்துக்குள் அழைக்காவிடில் படங்கள் யாவும் அழியும் என்றும் எழுத்துகள் தோன்றின. நொடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன. தந்தையின் கை தானாகத் தொலைபேசியை நாடியது. பாட்டியாரின் குரல் அழிந்துவிடுமே என்னும் அச்சம் அவரை ஆட்கொண்டது. எண்களில் பாதியை அழுத்தியும் விட்டார்.

அவ்வளவில் அவர் கை நின்றது. "அம்மா, இந்த அறிக்கையில் கையொப்பம் இட்டவர் யார்?" என்று மகளைக் கேட்டார்.

அவளுக்கு அவ்வினா விளங்கவில்லை. தொழிற்சாலையில் கதிர்ப்படம் எடுத்தவுடன் எவரும் தீர்ப்பு எழுதுவதில்லை. படத்தைத் துலக்கி, ஒளிப்பலகையில் வைத்து, தகுதி பெற்றவர் ஒருவர் நோக்கிக் கையொப்பமிட்ட பின்னரே அது சான்று ஆகும். எவர் சோதித்தார், எக்கருவி கொண்டு சோதித்தார் என்பன இல்லாத தாளைக் கொதிகலன் கூடத்தில் ஒருவரும் கையால் தொடமாட்டார். இச்செந்நிறத் திரையோ பெயரும் கூறவில்லை, அளவும் கூறவில்லை, அவசரம் ஒன்றையே கூறிற்று. அவர் தொலைபேசியைக் கீழே வைத்தார். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று பொத்தான்களை ஒருசேர அழுத்தி, டாஸ்க் மேனேஜர் என்னும் பட்டியலை வரவழைத்து, இணைய உலாவியை அதன்வழி நிறுத்தினார். சங்கொலி அடங்கிற்று. நொடிக்கணக்கு முடியும் நேரமும் கடந்தது. ஒரு படமும் அழியவில்லை.

அத்தகைய திரை வெறும் வலைப்பக்கமே. கணினியின் உட்புறத்தைச் சோதித்து நோய் கண்டறியும் ஆற்றல் அதற்கு இல்லை. அதில் உள்ள எண்ணை அழைத்தோரிடம், தொலைவிலிருந்தே கணினியை இயக்கும் மென்பொருளை நிறுவுமாறு மறுமுனையில் உள்ளவர் கூறுவர். நலமுள்ள விண்டோஸ் கணினிகளிலும் நாள்தோறும் பதிவாகும் சிறு பிழைக் குறிப்புகளைத் திறந்து காட்டி, "இவையெல்லாம் நச்சுநிரல்கள்" என்பர். பின்னர்ப் பணம் கேட்பர். சிலபோது வங்கிக் கணக்கையே துடைத்தெடுப்பர். இந்தியாவில் இவ்வாறு பணம் இழந்தோர் 1930 என்னும் எண்ணில் உடனே முறையிடலாம். நோயைக் காட்டிலும் நோயச்சமே கள்வர்க்கு எளிய கருவியாகிவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தந்தையும் மகளும் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கணினியின் முன் அமர்ந்தனர். முதற்காரியமாக, இணைய இணைப்பைத் துண்டித்தனர். அடுத்து, புறத்தே இணைக்கும் வன்தட்டு ஒன்றில் படங்களையும் குரற்பதிவுகளையும் சான்றிதழ்களையும் படியெடுக்கத் தொடங்கினர்.

"அப்பா, கணினியில் நச்சுநிரல் இருந்தால் இந்தத் தட்டிலும் தொற்றிக்கொள்ளாதா?" என்றாள் மகள்.

"தொற்றலாம். ஆதலால் இதனை வேறு எந்தக் கணினியிலும் இணைக்காமல் தனியே வைப்போம், பிறகு சோதிப்போம். உள்ளிருக்கும் தட்டே பழுதானால் சோதிப்பதற்கு ஒன்றும் இராதே!" என்றார் தந்தை.

பின்னர் அவர் இரண்டு வினாக்களைக் குறிப்பேட்டில் இரு பக்கங்களில் எழுதினார். கணினி ஏன் தளர்ந்தது என்பது ஒன்று. கணினியில் தீங்கு புகுந்துள்ளதா என்பது மற்றொன்று. அடுத்த வீட்டார் இவ்விரண்டையும் ஒரே வினாவாகக் கொண்டார். மகளும் அவ்வாறே கொண்டாள். இருவேறு குறைகளை ஒரே சோதனையால் காண முயல்வோர் இரண்டையும் காண்பதில்லை.

தளர்ச்சிக்குரிய பக்கத்தில் முதலில் எழுதப்பட்டது ஓர் அளவு: பொத்தானை அழுத்தியது முதல் கணினி ஏவலுக்கு ஆயத்தமாகும் வரை 11 நிமிடம். இனி ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம் செய்து, மீண்டும் அளப்பது என்று முடிவாயிற்று. ஐந்து மாற்றங்களை ஒருங்கே செய்தால் பயன் விளைந்தாலும், எது விளைவித்தது என்பது தெரியாமற் போகும்.

டாஸ்க் மேனேஜர் என்பது கொதிகலனின் அழுத்தமானியும் நீர்மட்டக் கண்ணாடியும் போன்றது. கணக்கிடும் உறுப்பாகிய செயலி எவ்வளவு உழைக்கிறது, நினைவகம் எவ்வளவு நிறைந்துள்ளது, வன்தட்டும் வலைப்பின்னலும் எவ்வளவு ஓடுகின்றன என்பவற்றை அது எண்ணாற் காட்டும். செயலி ஏறக்குறைய ஓய்ந்திருந்தது. நினைவகம் நிரம்பியிருந்தது. வன்தட்டோ நூற்றுக்கு நூறு என்று சிவந்து நின்றது. 4 ஜிகாபைட் நினைவகத்தில் இடம் போதாதபோது, கணினி அதிலுள்ளவற்றை வன்தட்டில் இறக்கிவைத்து, வேண்டும்போது மீட்டும் ஏற்றுகிறது. சிறிய மேசையில் எழுதும் ஒருவர், ஒவ்வொரு நூலுக்கும் எழுந்து அலமாரிக்குச் சென்று வருவது போன்றது இது. அவ்வலமாரியும் மெதுவானதாயின் வேலை எங்ஙனம் நடக்கும்? பழைய வன்தட்டு, நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தகடு. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லிநொடி ஆகும். மனிதனுக்கு அது கண்ணிமைப்பினும் குறைவு. கணினிக்கோ, அது கோடிக்கணக்கான கூட்டல்களைச் செய்து முடிக்கத்தக்க நேரம்.

தட்டை இவ்வளவு அலைக்கழித்தது யார் என்று பட்டியலை நோக்கியபோது, மகள் நாணித் தலைகுனிந்தாள். முதலிடத்தில் நின்றவை இரண்டு காவல் மென்பொருள்களே! ஒரு கோப்பு திறக்கும்போது முதற்காவலன் அதனைச் சோதிக்கிறான். அவன் தொட்டதைக் கண்டு இரண்டாங்காவலன் சோதிக்கிறான். ஒரே வாயிலில் இருவர் நின்று, வருவோரைச் சோதிப்பதோடு ஒருவரையொருவரும் சோதித்துக் கொண்டிருந்தால் உள்ளே யார் புக முடியும்? இரண்டாவதை நீக்கினர், 7 நிமிடம். கணினி தொடங்கும்போது தாமும் உடன்தொடங்கும் பதினான்கு நிரல்களுள் வேண்டாதவற்றை நிறுத்தினர்; 5 நிமிடம். பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றியபோது, குளிர்விக்கும் விசிறியில் தூசு பஞ்சுபோல் படிந்திருந்தது. வெப்பம் மிகுந்தால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கத்திரி வெயிற்காலத்துத் திருச்சியில் இதனை மறத்தல் கூடாது. மின்னிணைப்பை நீக்கித் தூரிகையால் துடைத்தனர். ஆனால் அளவில் மாற்றம் பெரிதாக இல்லை. அதனையும் உள்ளவாறே எழுதினார் தந்தை.

இனி இரண்டாம் பக்கம். உலாவியில் இருவரும் அறியாத துணைநிரல் ஒன்று காணப்பட்டது. சான்றிதழ்களை ஒரே கோப்பாக இணைப்பதற்கு இலவச மென்பொருள் ஒன்றை நிறுவியபோது, "சரி, சரி" என்று படியாமலே அழுத்தியதால் அதுவும் உடன்வந்தது. விளம்பரங்களை அழைத்துவந்து செந்நிறத் திரைக்கு வழிவகுத்ததும் அதுவாக இருக்கக்கூடும். அதனை நீக்கினர். பின்னர், விண்டோஸில் உள்ள காவல் மென்பொருளின் முழுச் சோதனைக்குப் பதிலாக, கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் எழுவதற்கு முன்னரே சோதிக்கும் முறையைத் தேர்ந்தனர். இதற்குத் தக்க காரணம் உண்டு. இயங்கிக்கொண்டிருக்கும் தீநிரல், தன்னைத் தேடுவோர் கண்ணில் படாமல் மறைத்துக்கொள்ள வல்லது. அது துயிலெழுமுன் தேடினால் மறைய இயலாது.

சோதனை ஒரு புழுவைக் கண்டது. வாரத்திற்கு முன் மகள், சான்றிதழ்களை அச்சிட ஓர் இணைய மையத்துக்குப் பென் டிரைவ் ஒன்றை எடுத்துச் சென்றிருந்தாள். அதனை இப்போது ஆராய்ந்தபோது, கோப்புறைகள் என்று தோன்றியவை கோப்புறைகள் அல்ல. ஒவ்வொன்றும் குறுக்குவழிச் சின்னம். மெய்யான கோப்புறைகளைப் புழு மறைத்துவிட்டு, அவற்றின் பெயரிலேயே போலிகளை வைத்திருந்தது. போலியை அழுத்தினால் முதலில் புழு ஓடும். பிறகு மெய்யான கோப்புறையும் திறக்கும். ஆதலால் அழுத்தியவர்க்கு ஐயம் எழாது. மறைந்த கோப்புகளைக் காட்டுமாறு கணினிக்கு ஆணையிட்டதும் சான்றிதழ்கள் யாவும் பழுதின்றி வெளிப்பட்டன. மகள் பெருமூச்சு விட்டாள். சுத்தம் செய்த பின்னர், தந்தையின் கைப்பேசி வழியே எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினர்.

புழுவை நீக்கியபின் அளந்தபோதும் 5 நிமிடமே ஆயிற்று. தளர்ச்சிக்கும் புழுவுக்கும் தொடர்பு இல்லை.

எக்காலத்தும் இவ்வாறே என்று கூறுவதற்கில்லை. 1986 ஆம் ஆண்டு லாகூர் நகரத்துச் சகோதரர் இருவர் இயற்றிய பிரெயின் என்னும் நச்சுநிரல், நெகிழ்தட்டு இயக்கியைத் தளரச் செய்தது. அதனுள் அவர்கள் தம் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்திருந்தது இன்று வியப்பாகத் தோன்றும். 1988 நவம்பர் 2 ஆம் நாள் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் விடுத்த புழுவோ தளர்ச்சியாலேயே வெளிப்பட்டது. அது ஒரு கணினியுட் புகுமுன், "தன்னினம் இங்கு உண்டா?" என்று வினவும். உண்டு என்ற விடை கிடைத்தாலும் ஏழில் ஒரு முறை அதனைப் பொருட்படுத்தாது தங்கிவிடும்; அவ்வாறே அவர் எழுதியிருந்தார். அச்சிறு கணக்குப் பிழையால் ஒரே கணினியில் புழுக்கள் பெருகிப் பெருகி, வேறு வேலைக்கு இடமில்லாமல் செய்தன. ஏறத்தாழ ஆறாயிரம் கணினிகள் அதனாற் பாதிக்கப்பட்டன என்று அக்காலத்தில் மதிப்பிட்டனர். மோரிஸ் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டார். அந்நிகழ்ச்சியின் விளைவாக அம்மாதமே பிட்ஸ்பர்க் நகரில், கணினி அவசரங்களைக் கவனிக்கும் குழு ஒன்று தோன்றியது. அதுபோன்ற குழு இந்தியாவில் 2004 முதல் பணியாற்றுகிறது.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று இவற்றினும் சுவை மிக்கது. 2024 மார்ச் மாதத்தில் ஆண்ட்ரஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர், தொலைவிலுள்ள கணினியுள் நுழையும்போது வழக்கத்தைக் காட்டிலும் ஏறக்குறைய அரைநொடி மிகுதியாவதை உணர்ந்தார். அரைநொடிதானே என்று பிறர் விட்டிருப்பர். அவர் விடவில்லை. தடம் பிடித்துச் சென்று நோக்கினால், கோப்புகளைச் சுருக்குவதற்கு உலகெங்கும் பயன்படும் சிறு மென்பொருள் ஒன்றனுள் திருட்டு வாயில் ஒன்று பொதிந்திருந்தது. அதனை வைத்தவர் இரண்டாண்டுகளுக்கு மேலாக நல்லுதவி பல செய்து நம்பிக்கை பெற்றவர். அது இன்னும் சில வாரம் வெளிப்படாதிருப்பின், எண்ணற்ற கணினிகளில் அவ்வாயில் திறந்து நின்றிருக்கும். தளர்ச்சி அங்கே மெய்ச்சான்று ஆயிற்று. அளந்து பார்த்தவர் ஒருவர் இருந்ததனால்.

இணைப்பைத் துண்டித்தது ஏன் என்று மகள் வினவியபோது, தந்தை தமிழகத்து நிகழ்ச்சியையே எடுத்துரைத்தார். 2019 ஆம் ஆண்டு, கூடங்குளம் அணுமின் நிலையத்தை நடத்தும் கழகத்தின் கணினி ஒன்றில் தீநிரல் காணப்பட்டதென்று அக்கழகமே அக்டோபர் 30 ஆம் நாள் உறுதி செய்தது. அக்கணினி அலுவலக வேலைக்குரிய, இணையத்தோடு சேர்ந்த வலைப்பின்னலைச் சார்ந்தது. நிலையத்தை இயக்கும் அமைப்பு அதனின்றும் தனித்து நின்றது என்றும் அறிவித்தது. "சுவர் ஒன்று இடையே இருந்தது, அம்மா. நாமும் நம் வீட்டில் ஒரு நாளைக்குச் சுவர் எழுப்பினோம்" என்றார்.

5 நிமிடம் என்னும் அளவு மட்டும் அவர் உள்ளத்தை விடாது உறுத்தியது. வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் இயல்புடையது. அக்குறிப்பைப் படிக்கும் இலவச நிரல்கள் உண்டு. அதனைத் திறந்தபோது, பழுதுற்ற பகுதிகளைக் கைவிட்டு மாற்றிடம் கொண்ட எண்ணிக்கை ஒன்று தென்பட்டது. மாலையில் மீண்டும் நோக்கினார், அவ்வெண் கூடியிருந்தது. தந்தை நெடுநேரம் பேசவில்லை. பற்றவைப்பில் வளரும் வெடிப்பைக் கண்டாற்போல் இருந்தது அவருக்கு. எந்தப் படங்களுக்காக அவர் முன்பின் அறியாத ஒருவருக்குப் பணம் கொடுக்க இருந்தாரோ, அப்படங்களைத் தாங்கிய தட்டே சிதைந்துகொண்டிருந்தது. காலையில் எடுத்த படி இல்லையேல், பாட்டியாரின் குரல் எந்த வாரத்தில் மறைந்திருக்குமோ?

மறுவாரம் சுழலும் பாகம் இல்லாத புதிய சேமிப்பகம் வாங்கினர். இயங்குதளத்தைப் புதிதாகப் பதித்து, படியெடுத்த தட்டைச் சோதித்த பின்னர், படங்களையும் குரலையும் சான்றிதழ்களையும் மட்டும் மீட்டனர். விண்ணப்பமும் உரிய நாளுக்குள் சென்றது. குறிப்பேட்டில் 40 நொடி என்று எழுதினாள் மகள்.

எஞ்சியது ஒரு வேலை. புழு எங்கிருந்து வந்ததோ அவ்விடத்தில் அது இன்னும் இருத்தல் வேண்டும். கலந்தாய்வுக் காலத்தில் அம்மையத்துக்கு வந்து செல்லும் பிள்ளைகளோ பலர். தந்தையும் மகளும் ஒரு மாலையில் அங்கே சென்று, அதன் உரிமையாளரிடம் பணிவாகச் செய்தியைக் கூறினர். அவர் முகம் சுளித்தார். பிள்ளைகள் இருவர் பென் டிரைவுகளுடன் வரிசையில் நின்றுகொண்டிருந்தனர்.

"என் கணினியிலா, ஐயா? சென்ற மாதம் வாங்கியது. பாருங்கள், எவ்வளவு விரைவாக ஓடுகிறது!" என்று அவர் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். அது கண்ணிமைக்கும் முன் திறந்தது.

தந்தை ஒன்றும் கூறவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். மகள் குறிப்பேட்டில் ஒரு புதிய பக்கத்தைத் திறந்தாள்.